இடம் மூவாயிரம், கேட்பவர் எட்டாயிரம்: கோப்பை ஆட்டத்துக்கு நியாயமான டிக்கெட் விலை

இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பையில், முதல் அடுக்கான பிரீமியர் லீக்கின் அணிகள் மூன்றாவது சுற்றில்தான் நுழைகின்றன. கீழ் அடுக்குகளிலிருந்து ஒவ்வொரு சுற்றாக வென்று வந்த சின்ன கிளப் ஒன்றுக்குக் குலுக்கலில் பெரிய அணி எதிராளியாக விழுந்து, ஆட்டமும் சொந்த மைதானத்தில்தான் என்று ஆகிவிட்டால், மறுநாள் காலையிலிருந்து கிளப்பின் போன் ஓயாது. வழக்கமாக 800 பேர் வந்துபோகும் மைதானம் அது. இப்போது டிக்கெட் கேட்பவர்கள் எட்டாயிரம் பேர். இடமோ மூவாயிரம்தான். (இந்தக் கட்டுரை முழுவதும் கணக்குக்காக எடுத்துக்கொண்ட மாதிரி கிளப் இது.) விலையை என்ன வைப்பது?

விலையை ஏற்றும் ஆசை பெரிதாவதற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் ஆட்டம் சமனில் முடிந்தால் எதிரணியின் மைதானத்தில் மறு ஆட்டம் நடக்கும். அங்கே திரளும் பெரும் கூட்டத்தின் வசூலில் சிறிய கிளப்புக்கும் பங்கு கிடைக்கும். 2024-25 பருவத்திலிருந்து முதல் சுற்று தொடங்கி மறு ஆட்டமே கிடையாது. 2025 ஜனவரியில் ஐந்தாம் அடுக்கு கிளப்பான டாம்வொர்த், பிரீமியர் லீக் அணியான டாட்டனமை 90 நிமிடம் கோல் அடிக்கவிடாமல் நிறுத்தியது. பழைய விதி இருந்திருந்தால் லண்டனில் மறு ஆட்டம் நடந்திருக்கும். புதிய விதிப்படி கூடுதல் நேரத்தில் மூன்று கோல் வாங்கியதோடு கதை முடிந்தது. வருவது ஒரே ஒரு ஆட்டம் என்றால், வர வேண்டிய பணம் எல்லாம் இதிலேயே வந்துவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் இங்கே விலை தன் வழக்கமான வேலைகளில் பாதியைத்தான் செய்கிறது. தக்காளி விலை ஏறினால் இரண்டு விஷயங்கள் நடக்கும்: வாங்குபவர்கள் குறைவார்கள், அடுத்த போகத்தில் தக்காளி பயிரிடுவோர் கூடுவார்கள். கோப்பை ஆட்டத்தின் இருக்கைக்கு அடுத்த போகம் இல்லை. 20 பவுண்டுக்கு விற்றாலும் 50 பவுண்டுக்கு விற்றாலும் அதே மூவாயிரம் இடம்தான். விலையை ஏற்றினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பது மட்டுமே மாறுகிறது. அப்படி மாறும்போது வெளியே போவது ஆர்வம் குறைந்தவர் அல்ல, பணம் குறைந்தவர். ஒருவர் எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதில் அவருடைய ஆசையும் சட்டைப்பையின் கனமும் கலந்தே இருக்கின்றன. அந்த இரண்டையும் பிரித்துக் காட்ட விலைக்குத் தெரியாது.

மக்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கேட்ட கேள்விகளில் ஒன்று நம்முடைய கேள்வியேதான். கால்பந்து ஆட்டம் ஒன்றுக்குத் திடீரென்று கிராக்கி வந்துவிட்டது. டிக்கெட்டை ஏலம் விடலாம், குலுக்கல் போடலாம், வரிசையில் நிற்பவருக்குக் கொடுக்கலாம். எது மிக நியாயம்? வரிசை என்றவர்கள் 68 விழுக்காடு, குலுக்கல் என்றவர்கள் 28 விழுக்காடு. ஏலம் என்றவர்கள் 4 விழுக்காடுதான். அதே ஆய்வில் இன்னொரு கேள்வி: பனி கொட்டிய மறுநாள் காலை, 15 டாலர் பனிவாரியை 20 டாலருக்கு ஏற்றுகிறார் கடைக்காரர். இது நியாயமல்ல என்றவர்கள் 82 விழுக்காடு. ஆனால் கடைக்காரருக்கே கொள்முதல் விலை ஏறியிருந்து, அதை அவர் வாடிக்கையாளர் மேல் ஏற்றினால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். ஆக, மக்களை உறுத்துவது விலை ஏறியது மட்டுமல்ல, ஏறியதற்கான காரணம். "உங்களுக்குத் தேவை இருக்கிறது, அதனால் ஏற்றினோம்" என்பதைத்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை.

அதனால்தான் வழக்கமான லீக் ஆட்டத்துக்கு 15 பவுண்டு வாங்கும் கிளப் கோப்பைக்கு 20 என்று வைத்து, கூடுதல் பாதுகாவலர்கள், காவல்துறைக் கட்டணம், தற்காலிக கேலரி வாடகை என்று செலவுகளை வரிவரியாக அறிவித்தால் முணுமுணுப்பு அதிகம் எழாது. காரணம் சொல்லாமல் 35 வைத்தால் பல வருடத்துக்குப் பேச்சு ஓயாது. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் ரசிகர்கள் 77 பவுண்டு டிக்கெட் திட்டத்தை எதிர்த்து, ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் கிளப் திட்டத்தைக் கைவிட்டது.

நியாயத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, வெறும் கணக்கையே பார்ப்போம்.

டிக்கெட் விலைக்குள் 20 விழுக்காடு வாட் வரி அடங்கியிருக்கிறது. வரி போய், ஆட்டச் செலவு போய் மிஞ்சும் வசூலில் 45 விழுக்காடு உள்ளூர் கிளப்புக்கு, 45 விருந்தாளி கிளப்புக்கு, 10 பொதுத் தொகுப்புக்கு. கோப்பையின் பிரதான சுற்றுகளில் வழக்கமான பங்கீடு இதுதான். இப்போது டிக்கெட்டை 20-லிருந்து 30 ஆக்குகிறோம் என்று வையுங்கள். கூடுதலாக வரும் 10 பவுண்டில் வரி போக 8.33. அதில் 45 விழுக்காடு 3.75. ரசிகரிடமிருந்து பத்து பவுண்டு பிடுங்கி, நான்கு பவுண்டுகூட வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. அதே அளவு தொகை, வசதிக்குக் குறைவில்லாத பெரிய கிளப்பின் கணக்கிலும் சேர்கிறது. மூவாயிரம் பேரும் முழு விலை கொடுத்தாலும் இந்த ஏற்றத்தால் கிடைப்பது 11,250 பவுண்டு.

எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? லீக் ஆட்டத்தின் வசூலைப் பங்கு போட வேண்டியதில்லை. 15 பவுண்டு டிக்கெட்டில் வரி போக 12.50 முழுவதும் கிளப்புக்கே. பருவத்துக்குச் சொந்த மைதானத்தில் 20 ஆட்டம் என்று வைத்தால், விடாமல் வரும் ஒருவர் ஆண்டுக்கு 250 பவுண்டு தருகிறார். தேநீர், ஆட்ட மலர் எல்லாம் தனி. 11,250-ஐ 250-ஆல் வகுத்தால் 45. அதாவது, மனம் கசந்து 45 பேர் ஒரே ஒரு பருவம் வராமல் இருந்தாலே பத்து பவுண்டு ஏற்றத்தின் லாபம் முழுவதும் கரைந்துவிடுகிறது. எண்ணூறு பேரில் 45 பேர்! கிளப் நிர்வாகக் கூட்டத்தில் விலை பேசுவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைப் பலகையில் எழுதிவிட்டுத் தொடங்க வேண்டும்.

விமான நிறுவனங்கள்போல நிமிடத்துக்கு நிமிடம் விலையை மாற்றலாமே என்பார்கள் சிலர். அமெரிக்க பேஸ்பாலில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 2009-இல் அந்த முறையைத் தொடங்கியது. அங்கே ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் மட்டும் 81 ஆட்டங்கள். திங்கள்கிழமை ஆட்டம் எப்படி விற்கிறது, சனிக்கிழமை எப்படி என்று கற்றுக்கொள்ளத் தரவு குவிகிறது. இருபது வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆட்டத்தில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. தப்பு செய்தால் திருத்த அடுத்த வாரமும் இல்லை.

விலையைத் தொடுமுன் வாயிலை எண்ணுங்கள்

வசூலைக் கூட்ட நல்ல வழி இடத்தைக் கூட்டுவது. பலர் கவனிக்காத இடமும் இதுதான். மைதானத்தின் கொள்ளளவு என்பது இருக்கைகளையும் நின்று பார்க்கும் படிகளையும் கூட்டி வரும் எண் அல்ல. பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி பல எண்களைக் கணக்கிடச் சொல்கிறது: எத்தனை பேரைத் தாங்கும், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வர முடியும், எத்தனை பேர் எட்டு நிமிடத்துக்குள் வெளியேற முடியும், அவசரத்தில் எத்தனை பேர் தப்ப முடியும். இவற்றில் எது சிறியதோ அதுதான் கொள்ளளவு. நின்று பார்க்கும் இடத்தில் 10 சதுர மீட்டருக்கு 47 பேர் உச்சவரம்பு. படிகளோ தடுப்புக் கம்பிகளோ மோசமாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டும். 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலால் 97 பேர் இறந்தார்கள். இந்த எண்களோடு ஒரு துளியும் பேரம் கூடாது.

நுழைவுக் கணக்கில் ஒரு சுழல்வாயிலுக்கு மணிக்கு அதிகபட்சம் 660 பேர்தான். நம் மாதிரி மைதானத்தில் நான்கு சுழல்வாயில்கள். விருந்தாளி ரசிகர்களுக்கு 15 விழுக்காடு இடம் வரை கேட்கும் உரிமை உண்டு. மூவாயிரத்தில் அது 450. அவர்களைத் தனியே விட வேண்டும் என்பதால் ஒரு வாயில் அவர்களுக்குப் போய்விடுகிறது. 660 பேருக்கான வாயிலில் 450 பேர்; மீதியை உள்ளூர்க்காரர்களுக்குக் கடன் கொடுக்க முடியாது. மிஞ்சிய மூன்று வாயிலில் 1,980 பேர்தான் நுழையலாம். உள்ளூர்ப் பக்கம் இடம் இருப்பதோ 2,550 பேருக்கு. 570 இடம் வெறுமனே கிடக்கும்!

துருப்பிடித்துக் கிடக்கும் ஐந்தாவது வாயில் ஒன்றைச் சரிசெய்து, ஆள் போட்டுத் திறந்தால் அந்த 570 இடமும் விற்பனைக்கு வந்துவிடும். 20 பவுண்டு டிக்கெட்டில் கிளப்பின் பங்கு 7.50, ஆக 4,275 பவுண்டு. இதே தொகையை விலையேற்றத்தால் எடுக்க வேண்டுமென்றால், உள்ளே வரும் 2,430 பேருக்கும் டிக்கெட்டை ஏறத்தாழ 4 பவுண்டு 70 பென்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு கதவைத் திறப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. கூடவே, அன்றைக்கு வாயிலில் காசு வாங்கவே கூடாது. சில்லறை எண்ணும் வாயில் 660-ஐ எட்டாது. டிக்கெட் எல்லாம் முன்கூட்டியே விற்றிருக்க வேண்டும்.

தற்காலிக கேலரிக்கும் இதே கணக்கு. 600 இருக்கை என்றால் கிளப்பின் பங்கு 4,500 பவுண்டு. வாடகை அதற்கு மேல் போனால் நஷ்டம். வாடகையை ஆட்டச் செலவில் சேர்க்க எதிரணியும் எழுத்தில் சம்மதித்தால்தான் கணக்கு மாறும், அந்தச் சம்மதத்தை ஆர்டர் கொடுப்பதற்கு முன் வாங்க வேண்டும்.

இடத்துக்கே வரம்பில்லாத டிக்கெட்டையும் விற்ற கிளப் ஒன்று இருக்கிறது. 2021 ஜனவரியில் எட்டாம் அடுக்கு கிளப்பான மரைன், டாட்டனமுடன் ஆடியபோது கொரோனா காரணமாகப் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. பத்து பவுண்டுக்கு மெய்நிகர் டிக்கெட் விற்றார்கள், ஒரு பரிசுக் குலுக்கலும் சேர்த்து. முப்பதாயிரத்துக்கு மேல் போனது. டாட்டனம் ரசிகர்களே நிறைய வாங்கினார்கள். இடம் கிடைக்காதவர்களுக்கு நினைவு டிக்கெட்டாக இதை இன்றும் எந்தக் கிளப்பும் விற்கலாம். விருப்பப்பட்டவர் கூடக் கொடுக்கட்டும். யாருடைய இருக்கையும் பறிபோவதில்லை.

யாருக்கு முதலில்?

விலையைத் தாழ்த்தி வைத்தால், யாருக்கு இடம் என்று தீர்மானிக்கும் வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். வரிசையை நியாயம் என்று 1986-இல் சொன்னவர்கள் மனதில் இருந்தது குளிரில் கால்கடுக்க நிற்பது. நேரத்தைக் கொடுத்து வாங்குவது அது. எல்லோருக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தான். இணைய வரிசையில் வேகமான இணைப்பும், வேலை நேரத்தில் போன் பார்க்க முடிகிற வேலையும் உள்ளவர் ஜெயிக்கிறார். தானியங்கி நிரல்கள் அவரையும் முந்துகின்றன. எனவே வரிசை வேண்டாம்.

உள்ளூர்ப் பக்கத்தின் 2,550-ஐ இப்படி இறக்கலாம். சீசன் டிக்கெட்காரர்கள் 500 பேருக்கு அவரவர் வழக்கமான இடம், 72 மணி நேர அவகாசத்தோடு. புல் வெட்டுபவர், தேநீர்க் கடையில் நிற்பவர், இளையோர் அணிப் பிள்ளைகள், ஆட்டக்காரர்களின் வீட்டார் என்று 250. லீக் ஆட்டங்களுக்கு வந்ததற்குப் பதிவு இருப்பவர்களுக்கு, ஆளுக்கு ஒன்றாக, 700. மீதி 1,100 பொதுக் குலுக்கலுக்கு.

வருகைப் பதிவை எண்ணும் தேதி, எதிரணி யார் என்று தெரிந்த நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். "அடுத்த இரண்டு லீக் ஆட்டத்துக்கு வந்தால் கோப்பை டிக்கெட்" என்று பிறகு அறிவித்தால், அது விசுவாசத்துக்கு மரியாதை அல்ல. 20 பவுண்டு டிக்கெட் 50 பவுண்டு ஆகிவிட்டது, அவ்வளவுதான். லீக் வசூலைப் பங்கு போட வேண்டாம் என்பதால் கிளப்புக்கு இந்த வழி இனிக்கும். ரசிகர்களுக்கும் அது ஏன் இனிக்கிறது என்று புரியும்.

குலுக்கலில் பலர் சறுக்குவது குழு விண்ணப்பத்தில். ஒருவர் நான்கு டிக்கெட் வரை கேட்கலாம் என்று விடுகிறீர்கள். ஒரு விண்ணப்பத்துக்கு 30 விழுக்காடு வாய்ப்பு என்று வையுங்கள். நான்கு நண்பர்கள் ஆளுக்கொரு விண்ணப்பம், ஒவ்வொன்றிலும் நான்கு டிக்கெட் என்று போட்டால், நான்கும் தோற்கும் வாய்ப்பு 0.7-ஐ நான்கு முறை பெருக்கியது: 0.24. அதாவது 76 விழுக்காடு வெற்றி. விதியை மதித்து ஒன்றாக விண்ணப்பித்த குடும்பத்துக்கு 30. இதற்கு மருந்து, நான்கு பேரின் பெயரையும் முகவரியையும் விண்ணப்பத்திலேயே வாங்கி, ஒரு பெயர் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டையும் நீக்குவது. இந்த விதியை விண்ணப்பம் திறக்கும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

சலுகை விலைகளை மறக்கக் கூடாது. லீக்கில் பெரியவர் 15, முதியவர் 9, சிறுவர் 3 என்றால், ஏற்றத்தை எல்லாவற்றுக்கும் ஒரே பெருக்கலாக வையுங்கள்: 20, 12, 4. சிறுவர் விலையை மட்டும் ரகசியமாக எடுத்துவிடுவது, இரண்டு பிள்ளைகளோடு வரும் தாய்க்கு 28 பவுண்டு பில்லை 60 ஆக நீட்டுவது, கூடவே கூடாது. அதே தரமான இடத்துக்கு விருந்தாளிக்கும் அதே விலை.

மலிவாக விற்றால் பிளாக்கில் போகுமே என்ற பயம் நியாயமானதுதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்தைவிட நன்றாக வேலை செய்வது திருப்பி வாங்கும் கவுன்ட்டர். காய்ச்சல் வந்தவருக்குக் கிளப் முழு விலையைத் திருப்பிக் கொடுத்தால் அவர் தெருவில் ஆள் தேட மாட்டார். திரும்பிய டிக்கெட், குலுக்கலில் தோற்றவர்களின் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகிறது. பட்டியலைக் குலுக்கல் அன்றே வரிசை எண்ணோடு ஒட்டிவைத்திருக்க வேண்டும். கடைசித் திருப்பல் ஆட்டத்தன்று காலை பதினொரு மணிக்கு. அதன் பிறகு போனை எடுக்கும் அடுத்த ஆள் மைதானத்துக்கு வந்துசேர நேரம் வேண்டும்.