தீராத அரிப்புக்கு எந்த மருத்துவர்?

மாதவிலக்கு நின்று சில வருடங்களான ஒரு பெண்ணுக்குப் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் அரிப்பு, இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு. மகளிர் மருத்துவரிடம் போகிறார். பூஞ்சைத் தொற்றுக்கு மாத்திரையும் களிம்பும் தருகிறார்கள். அரிப்புக்குப் பூஞ்சை சாதாரணமான காரணம், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம் என்பதால் அது நியாயம்தான். குணமாகாதபோதும் பரிசோதிக்காமல் அதையே திரும்ப எழுதித் தருவதுதான் தவறு.

இது லைக்கன் ஸ்கிளிரோசஸ் ஆக இருக்கலாம். நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தத் தோலையே தாக்கும் அழற்சி இது என்று கருதப்படுகிறது, தொற்றாது. தோல் வெளுத்து, கசக்கிய காகிதம் போலச் சுருங்கும். ஆங்காங்கே ரத்தக்கட்டும் வெடிப்பும் தெரியும். ஆசனவாயையும் சுற்றிக்கொண்டு 8 என்ற எண்ணைப் போலப் பரவும். யோனிக்குள் பெரும்பாலும் போகாது. அதனால் கருவி வைத்து உள்ளே மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது. கவனிக்காமல் விட்டால் பிறப்புறுப்பின் உள் உதடுகள் ஒட்டிக்கொள்ளும், யோனியின் வாசல் குறுகும். சிறு விகிதத்தினருக்கு, பொதுவாக 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு, புற்றுநோயும் வரலாம்.

தோல் மருத்துவர் இந்த இடத்தோடு நிற்கமாட்டார். வாய்க்குள் வெள்ளைக் கோடுகள் இருந்தால் லைக்கன் பிளேனஸ் என்ற வேறொரு அழற்சி நோய், தலையிலும் நகத்திலும் அடையாளம் இருந்தால் சொரியாசிஸ் என்று யோசிப்பார். நிறம் மட்டும் போய், தோல் வழவழப்பாகவே இருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம். ஆனால் நம் ஊரில் அவர் அறை வாசலில் 'தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு' என்று பலகை இருக்கும். அதைப் பார்த்தே தயங்கும் பெண்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, சுமார் 4 மில்லிமீட்டர் தோலை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அதற்கு முன்பே ஸ்டீராய்டு களிம்பைப் பூசிவந்திருந்தால் நோயின் அடையாளங்கள் மங்கியிருக்கும். அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

முக்கிய மருந்தும் ஸ்டீராய்டுதான்: 0.05 சதவீத குளோபெட்டசால். வழக்கமாக முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. 30 கிராம் குழாய் ஒன்று மூன்று மாதம் வரும். 'பிறப்புறுப்பில் பூசாதீர்கள்' என்ற எச்சரிக்கையைப் படித்துப் பயந்து பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 2015-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 507 பெண்களைப் பல வருடங்கள் கவனித்தார்கள். சொன்னபடி பூசிவந்தவர்களில் ஒருவருக்கும் அங்கே புற்றுநோயோ அதன் முன்நிலையோ வரவில்லை. சரியாகப் பூசாதவர்களில் 4.7 சதவீதம் பேருக்கு வந்தது. அதற்காகக் கடையில் தாமே வாங்கிப் பூசக்கூடாது. அங்கே பெரும்பாலும் கிடைப்பது ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பு.

அரிப்பு அடங்கிய பிறகும் உறவின்போது வலி இருந்தால் இடுப்புத்தளத் தசைகள் இறுகியிருக்கலாம்; அதற்கு பிசியோதெரபிஸ்ட் உதவுவார். ஒட்டிக்கொண்ட இடத்தைப் பிரிக்கவும், புற்றுநோயின் முன்நிலையை வெட்டி எடுக்கவும் அறுவை மருத்துவர் வேண்டும். சிறுமிகளுக்கும் இந்நோய் வரும். வெடிப்பு வலிக்குப் பயந்து மலத்தை அடக்குவார்கள். ரத்தக்கட்டைப் பார்த்துப் பாலியல் வன்முறை என்று தவறாக நினைப்பதும் உண்டு; குழந்தைநல மருத்துவர் இரண்டையும் மனதில் வைத்தே பார்க்க வேண்டும். மகளிர் மருத்துவரும் தோல் மருத்துவரும் ஒரே அறையில் சேர்ந்து பார்க்கும் சிறப்பு கிளினிக்குகள் சில நாடுகளில் உண்டு. இங்கே பெரிய மருத்துவமனைகளிலாவது அவை வேண்டும்.

அதுவரை, நோய் உறுதியானவர்கள் வருடம் ஒருமுறையாவது காட்டிக்கொள்ளட்டும். நடுவில் கண்ணாடி வைத்துத் தாங்களே பார்க்கலாம். கெட்டியான கட்டியோ ஆறாத புண்ணோ தெரிந்தால் உடனே போக வேண்டும்.