முப்பத்தெட்டரை மாத்திரைகள்

2013 ஜூலையில், கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் குடல் பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டான். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவன். தொற்று அண்டாமலிருக்க ‘செப்ட்ரா’ மாத்திரை சாப்பிட்டு வந்தான், வேளைக்கு ஒன்று. நம் மருந்துக்கடைகளில் ‘செப்ட்ரான்’ என்று கேட்டால் கிடைக்கும் அதே மருந்துதான். அன்று இரவு அவனுக்குக் கொடுக்கப்பட்டவை முப்பத்தெட்டரை மாத்திரைகள். மருந்து எழுதுவது முதல் பொட்டலம் கட்டுவது வரை எல்லாமே கணினி வழியே நடக்கும் மருத்துவமனை அது.

மின்னணு மருத்துவப் பதிவேடு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பழைய கேஸ் ஷீட்டைத் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றிவிட்டால் அது மின்னணுப் பதிவேடு ஆகிவிடாது. ‘பென்சிலின் ஒத்துக்கொள்ளாது’ என்று காகிதத்தின் மூலையில் எழுதியிருந்தால், அதை யாராவது கண்ணால் பார்த்தால்தான் பயன். மின்னணுப் பதிவேட்டிலோ அந்தத் தகவல் ஒரு குறியீடாக, அதற்கென்றே உள்ள கட்டத்தில் சேமிக்கப்படுகிறது. ஐந்து வருடம் கழித்து வேறொரு மருத்துவர் அமாக்ஸிசிலின் எழுதினாலும், அது பென்சிலின் குடும்பத்து மருந்து என்பதைக் கணினி அறிந்து எச்சரிக்கும். இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் உயர்ந்திருந்தால், சிறுநீரகம் வழியே வெளியேறும் மருந்துகளின் அளவைக் குறைக்கச் சொல்லும்.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா? அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் கிளெமென்ட் மெக்டொனால்ட் என்ற மருத்துவர் இதைச் சோதித்து 1976இல் முடிவுகளை வெளியிட்டார். கவனிக்க வேண்டியதைக் கணினி நினைவூட்டியபோது, மருத்துவர்கள் 51 சதவீதத் தருணங்களில் செயல்பட்டார்கள். நினைவூட்டல் இல்லாதபோது 22 சதவீதம்தான். மருத்துவர்களின் அக்கறையின்மை இதற்குக் காரணமல்ல, ஒரு மனித மூளையால் அத்தனை விவரங்களையும் ஒருசேரக் கண்காணிக்க இயலாது என்பதே அவர் கண்டது. அதனால் காகிதத்துக்கே திரும்பிவிடலாம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

சிறுவனுக்கு வருவோம். அவன் எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடையைக் கணக்கிட்டே மருந்து எழுத வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் விதி. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று எழுதியதும் கணினி 193 என்று கணக்கிட்டது. கையிருப்பில் இருந்ததோ 160 மில்லிகிராம் மாத்திரை. அதற்கேற்ப மாற்றி எழுதுமாறு மருந்தாளுநர் கேட்டார். மருத்துவரும் 160 என்று தட்டினார். ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘மில்லிகிராம்’ என்ற அலகு இல்லை, ‘கிலோவுக்கு மில்லிகிராம்’ என்பதே இருந்தது. அவர் நினைத்தது 160. கணினி அதை எடையால் பெருக்கிக்கொண்டது. 6,000 மில்லிகிராமையும் தாண்டியது. மாத்திரைக் கணக்கில் முப்பத்தெட்டரை.

கணினி எச்சரிக்காமல் இல்லை. மருத்துவரின் திரையிலும் மருந்தாளுநரின் திரையிலும் எச்சரிக்கை வந்தது. இருவருமே அதை மூடிவிட்டார்கள். குற்றம் சொல்வது எளிது. ஆனால் நாள் முழுக்க அற்ப விஷயங்களுக்கெல்லாம் அதே எச்சரிக்கை அதே தோற்றத்தில் வந்துகொண்டிருந்தால், கை தானாகவே அதை மூடப் பழகிவிடும். அளவு துளி கூடினாலும் நாற்பது மடங்கை நெருங்கினாலும் ஒரே மாதிரி எச்சரிக்கை! திருத்தம் முதலில் தேவைப்படுவது இங்கேதான்.

மருந்தகத்தில் ரோபோ மாத்திரைகளைப் பிசகாமல் எண்ணிப் பொட்டலமிட்டது. வார்டில் இருந்த செவிலியருக்கு அந்தக் குவியலைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. பார்கோடைச் சரிபார்த்தார். 1990களின் தொடக்கத்தில், வாடகைக் கார் நிறுவனத்தில் ஊழியர் கைக்கருவியால் காரை ஸ்கேன் செய்வதைப் பார்த்த சூ கின்னிக் என்ற கன்சாஸ் மாநிலச் செவிலியருக்கு, நோயாளிக்கும் மருந்துக்கும் இதையே செய்தால் என்ன என்று தோன்றியதில் வளர்ந்த முறை இது. நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் மருந்தின் உறையையும் ஸ்கேன் செய்தால், ஆள் மாறி மருந்து போவது தடுக்கப்படும். அருமையான ஏற்பாடு. ஆனால் பார்கோடு ஒப்பிடுவது பதிவேட்டோடு மட்டும். பதிவேட்டில் முப்பத்தெட்டரை என்று இருந்தது. எனவே முப்பத்தெட்டரை சரி என்றது திரை. செவிலியரின் சந்தேகம் அடங்கிவிட்டது. சிறுவன் அத்தனையையும் விழுங்கினான். சில மணி நேரத்தில் கடுமையான வலிப்பு வந்தது. உயிர் பிழைத்துக்கொண்டான்.

முதல் கட்டத்தில் நுழைந்த பிழையை, அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு கருவியும் உண்மையாகவே எடுத்துக்கொண்டது. நோயாளியிடம் ‘வீட்டில் எத்தனை சாப்பிடுவாய்?’ என்று அந்தச் சங்கிலியில் எந்தக் கருவியும் கேட்கவில்லை.

இந்தியாவில் 2021 முதல் தேசிய அளவில் விரிந்துவரும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில், 14 இலக்க ‘ஆபா’ எண் வழியாக ஒரு மருத்துவமனையின் பதிவுகளை, நோயாளியின் ஒப்புதலோடு இன்னொரு மருத்துவமனை பார்க்க முடியும். தகவல் பரிமாற்றத்துக்கு இத்திட்டம் பின்பற்றும் ‘ஃபயர்’ (FHIR) என்ற தரநெறியில் அளவோடு அலகையும் சேர்த்தே அனுப்ப வழி இருக்கிறது. ஆனால் மருத்துவரின் திரையில் அந்தக் கட்டத்தைத் திறந்ததும் எந்த அலகு காத்திருக்க வேண்டும் என்பதைத் தரநெறி சொல்வதில்லை. அதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் மருத்துவர், மருந்தாளுநர், செவிலியர் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.