ஆர்பிட் என்றால் கண்குழி

கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் கபடி ஆட்டம். எதிராளியின் முழங்கை ஒரு பையனின் இடக்கண்ணில் இறங்கிவிட்டது. மதுரையில் ஸ்கேன் எடுத்து, 'ஆர்பிடல் ஃப்ளோர் ஃப்ராக்சர்' (கண்குழியின் தளத்தில் எலும்பு முறிவு) என்ற ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்தான். "சாட்டிலைட் சுத்துற பாதையைத்தானண்ணே ஆர்பிட்னு படிச்சோம்? அது எப்படி என் கண்ணுக்குள்ள வந்துச்சு?"

நியாயமான கேள்வி. 1899இல் சூரிய ஆய்வகம் வந்த கொடைக்கானலில் ஆர்பிட் என்றால் வானம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆங்கிலத்தில் கண்தான் மூத்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே கண்ணின் எலும்புக்குழிக்கு அந்தப் பெயர் இருந்தது. கோள்களின் பாதைக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டில்தான். இலத்தீன் மூலம் 'ஆர்பிட்டா'. மழைக்குப் பிறகு மன்னவனூர் மண்பாதையில் சக்கரம் பதித்துவிட்டுப் போகும் பள்ளம் இருக்கிறதே, அந்த வண்டித்தடம்தான் பொருள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'கண்கூடு' என்றால் எலும்புக்கூடு மாதிரி பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'கண்கூடாகப் பார்த்தேன்' என்று அந்தச் சொல்லை வேறு வேலைக்கு எப்போதோ அனுப்பிவிட்டோம். 'கண்குழி' நல்ல சொல். குழிக்கு ஏது கூரையும் சுவரும் என்று கேட்கலாம். இந்தக் குழிக்கு எல்லாம் உண்டு. ஏழு எலும்புகள் சேர்ந்து கட்டியது. தளமும் மூக்குப் பக்கச் சுவரும் முட்டையோடு போல மெலிசு. கண்ணில் பலமாக அடி விழுந்தால் தளம் கீழே உடைந்து, மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் இறங்கும். கண்ணை அசைக்கும் தசை அந்த விரிசலில் சிக்கினால் அண்ணாந்து பார்க்க முடியாது, ஒன்று இரண்டாகத் தெரியும். மூக்கைச் சிந்தவும் கூடாது. காற்று கண்குழிக்குள் ஏறி வீங்கிவிடும். கொடைக்கானல் குளிரில் மூக்கைச் சிந்தாமல் இருப்பது எப்படி என்று பையன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் கண்ணோடு சம்பந்தப்பட்ட இன்னொரு சொல், 'கிரேனியல் நெர்வ்'. மண்டையோட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 'மூளை நரம்பு' என்று சொல்வதுண்டு, 12 இணை. மூளையிலிருந்து கிளம்புவதால் தப்பில்லை. ஆனால் அடிபட்டவனின் அம்மாவிடம் "மூளை நரம்பில் பாதிப்பு" என்றால் அவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். 'கபால நரம்பு' என்பதே என் தேர்வு. இரண்டாவது நரம்பு பார்வைக்கு. மூன்று, நான்கு, ஆறு விழியை அசைக்க. இவை கண்குழியின் பின்கோடியில் இருக்கும் துளை, சந்து வழியாக நுழைகின்றன. எலும்பு அங்கே உடைந்து நசுக்கினால் இமை தொங்கும், விழி நகராது, பார்வைகூடப் போகலாம். ஐந்தாவதன் கிளையொன்று குழியின் தளத்துக்குள்ளேயே ஓடுகிறது. பையனுக்குக் கன்னமும் மேலுதடும் மரத்துப்போனது அதனால்தான். டீ சூடா ஆறியதா என்றே உதட்டுக்குத் தெரியவில்லையாம்.

வீக்கம் வடிந்தபின் ஒரு நாள் அவன் பாட்டி முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு குழிக்குள்ள போயிருச்சேடா" என்றார். காய்ச்சல்காரர்களுக்கு வழக்கமாகச் சொல்வதுதான். தளம் இறங்கினால் விழியும் உள்வாங்கும், அதையும் டாக்டர் பார்ப்பார் என்று சொல்லி அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டேன்.