ஆக்சிஜன் பிளான்ட்டைப் பூட்டி வைக்காதீர்கள்

இந்த வருடத்தில் நான் உடைக்கச் சொன்ன நான்காவது பூட்டு இது. ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் ரூமை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பளபளவென்று திறப்பு விழாக் கல்வெட்டு, கதவில் துருவேறிய பூட்டு. சாவி ஸ்டோர்கீப்பரிடம் இருக்கிறது என்றார்கள். அவர் மாற்றலாகிப் போய் எட்டு மாதம் ஆகிறது. பூட்டை உடைத்து உள்ளே போனால் கால் ஒடிந்த கட்டில்கள் மூன்று, கோவிட் காலத்துக் கவச உடைப் பெட்டிகள், நடுவில் ஆக்சிஜன் பிளான்ட். தகரத்துக்கு அடியில் நுழைந்து வந்த நாய் ஒன்று கம்ப்ரெசருக்குக் கீழே குட்டி போட்டிருந்தது. அந்தக் கொட்டகையில் உயிரோடு இருந்தது அவை மட்டும்தான்.

நான் பயோமெடிக்கல் இன்ஜினியர். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான்கு பூட்டு என்பது கொஞ்சம் அதிகம்.

2021 மே மாதத்தை அதற்குள் மறந்துவிட்டோமா? கோவிட்டுக்கு முன்பு நாடு முழுவதற்கும் நாள் ஒன்றுக்குச் சுமார் 900 டன் மருத்துவ ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது. இரண்டாம் அலையில் அது 9,000 டன்னைத் தொட்டது. துர்காபூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு ரயிலில் ஆக்சிஜன் வந்து இறங்கியதை டிவியில் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் நாம். அந்தப் பயத்தில்தான் பணம் கொட்டியது. பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதியில் மட்டும், காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் பி.எஸ்.ஏ. பிளான்ட்டுகள் 1,225 வந்தன. மாநில நிதியிலும், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியிலும் வந்தவை தனி.

பி.எஸ்.ஏ. எப்படி வேலை செய்கிறது என்று இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. காற்றை அழுத்தி உள்ளே அனுப்பினால் ஜியோலைட் என்ற மணிகள் நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். அவ்வளவுதான். நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் தரும் பிளான்ட் ஒன்று, ஆளுக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் 190 நோயாளிகளைத் தாங்கும் என்பது ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. சொன்ன கணக்கு. சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு இது பெரிய சொத்து.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். போகிற இடமெல்லாம் ஒரே பதில்தான். "கோவிட்தான் போயிடுச்சே சார், எதுக்கு ஓட்டித் தேய்க்கணும்? மூடி வெச்சா புதுசாவே இருக்கும்ல?"

இருக்காது. இது பித்தளைக் குத்துவிளக்கு இல்லை, துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டுக் கார்த்திகைக்கு எடுத்துத் துடைக்க. மழைக்காலத்தில் அப்பளத்தை டப்பாவில் போடாமல் விட்டால் என்ன ஆகும்? நமத்துப்போகும். ஜியோலைட்டும் அப்படித்தான். நைட்ரஜனைவிட அதற்கு ஈரம் என்றால் கொள்ளை ஆசை. பிளான்ட் ஓடும்போது டிரையர் காற்றை உலர்த்தி அனுப்பும், மணிகளும் மாறி மாறி வேலை செய்து தங்களைச் சுத்தம் செய்துகொள்ளும். நிறுத்திப் போட்ட பிளான்ட்டில் டிரையரும் ஓடாது. லேசாகக் கசியும் வால்வு ஒன்று இருந்தால் போதும், ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் பளபளக்கும், மீட்டர் கண்ணாடியில் கீறல்கூட இருக்காது. உள்ளே மணிகள் நமத்துப்போய் உட்கார்ந்திருக்கும். ஓட்டினால் தேயும் என்பது உண்மைதான், ஆனால் அது ஃபில்டரும் ஆயிலும் மாற்றுகிற செலவு. ஓட்டாமல் விட்டால் மணிகளையே மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதவர்கள்கூட இங்கே வந்து என்னிடம் இதைக் கேட்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு 11 மணி இருக்கும். வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து டூட்டி நர்ஸ் கூப்பிட்டார். தரைப்பாலம் மூழ்கிச் சிலிண்டர் லாரி ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. வார்டில் இரண்டு குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்கள் ஐந்து பேர் ஆக்சிஜனில். "பிளான்ட்டைப் போட்டோம் சார், ஓடுது. ஆனா அலாரம் நிக்கவே மாட்டேங்குது."

ஆக்சிஜன் சுத்தம் எத்தனை சதவீதம் காட்டுகிறது என்று கேட்டேன். 68.

93 இருக்க வேண்டும். மூன்று கூடலாம், குறையலாம். 90-க்குக் கீழே போனால் பிளான்ட் வார்டுக்கு ஆக்சிஜன் அனுப்பவே கூடாது, அதற்குத்தான் அந்த அலாரம். நல்லவேளை, நர்ஸ் அதை அமுக்கிவிட்டுப் போகாமல் போனை எடுத்தார். பக்கத்து ஊரிலிருந்து வேறு வழியாகச் சிலிண்டர் வந்து சேரும்வரை இருந்ததைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்து எல்லோரையும் காப்பாற்றினார்கள். மறுநாள் நான் போய் ஏர் டேங்கின் அடியில் இருந்த வடிகால் வால்வைத் திறந்தேன். டீ நிறத்தில் தண்ணீர். ஒரு பக்கெட் நிறைந்தது, இன்னொன்று கேட்டு வாங்கினேன். தினமும் ஒரு நிமிடம் திறந்து மூட வேண்டிய வால்வு அது.

காசு இல்லை என்பார்கள். அதையும் பார்ப்போம். 2021 ஜனவரியில் முதலில் ஒப்புதலான 162 பிளான்ட்டுகளுக்கு மொத்தம் 201.58 கோடி ரூபாய். அதில் வாங்கி நிறுவ 137.33 கோடி, வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு 64.25 கோடி. மூன்று வருடம் வாரண்டி, அதற்குப் பின் ஏழு வருடம் பராமரிப்பு. அரசு வாங்கும் கருவிகளில் இவ்வளவு முன்யோசனையை நான் அடிக்கடி பார்த்ததில்லை. ஆனால் அதே அறிவிப்பில் இன்னொரு வரியும் உண்டு: அன்றாடம் ஓட்டுவதும் கவனிப்பதும் ஆஸ்பத்திரி, மாநிலத்தின் பொறுப்பு. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. "சென்ட்ரல் கவர்ன்மென்ட் மிஷின், அவங்க பார்த்துப்பாங்க" என்கிறார்கள். டெல்லியிலிருந்து ஆள் வந்து வடிகால் வால்வைத் திறக்க மாட்டார்.

பிறகு வந்த பெரிய ஒதுக்கீடுகளும் அப்படித்தான். 2021 ஜூலையில் ஒப்புதலான இரண்டாவது கோவிட் அவசரகால நிதித் தொகுப்பு 23,123 கோடி. மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று 1,050 திரவ ஆக்சிஜன் தொட்டிகளும் அதில் அடக்கம். 15-வது நிதிக்குழு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பரிந்துரைத்தது 70,051 கோடி. கட்டடம் எழும்பும், தொட்டி நிற்கும், கல்வெட்டும் வந்துவிடும். இரவு டூட்டிக்கு ஒரு ஆபரேட்டர், ஒரு செட் ஃபில்டர், கரன்ட் பில் என்று போய் நின்றால்தான் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எல்லோரும் முழிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த பல இடங்களில் ஃபில்டர் வாங்கியது நோயாளர் நலச் சங்கக் கணக்கிலிருந்துதான். அது தப்பில்லை, தாராளமாகச் செய்யுங்கள்.

தலைமை மருத்துவர்களுக்கு: வாரத்துக்கு இரண்டு முறையாவது ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போட்டு நிறுத்துவது கணக்கில் வராது. சுத்தம் 93 பக்கம் வந்து நிலையாக நிற்க வேண்டும், அந்த எண்ணை நோட்டில் எழுத வேண்டும். சாவி டூட்டி நர்ஸ் மேஜையில் இருக்கட்டும். பராமரிப்பு ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே ஃபைலை எடுத்துப் பாருங்கள். புகார் எண் வாங்காமல் போனில் சொன்னதெல்லாம் புகாரே இல்லை.

ஆபரேட்டர் தம்பிகளுக்கு: வால்வு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதே. கிரீஸும் வேண்டாம், எண்ணெய்க் கையும் வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பொறி இல்லாமலே பற்றும். இதை எத்தனை முறை சொல்வது? நைட்ரஜன் வெளியேறும் குழாய் கொட்டகைக்கு வெளியே போகிறதா என்று பார். மூடிய அறைக்குள் விட்டால் வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். அப்புறம், பிளான்ட் இருக்கிறது என்று காலிச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் பொறுமையாகச் சொல். பூஸ்டர் கம்ப்ரெசர் இல்லாத பிளான்ட்டில் சிலிண்டர் நிரப்ப முடியாது.

ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. தெருவிளக்கைக் கேளுங்கள், சாக்கடையைக் கேளுங்கள். அதோடு நம்ம ஜி.எச். பிளான்ட் கடைசியாக என்றைக்கு ஓடியது என்றும் ஒரு வார்த்தை கேட்டு, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். பதில் வரவில்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. யாரையும் மாட்டிவிடுவதற்காகச் சொல்லவில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிக் கொட்டகைகள் திறந்துவிடும்.

அந்த 68 காட்டிய பிளான்ட்டுக்குப் புது ஜியோலைட் வந்து நிரப்ப இரண்டு மாதம் ஆனது. இப்போது செவ்வாயும் வெள்ளியும் அந்த நர்ஸ் மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன வெள்ளிக்கிழமை வந்த படத்தில் 93.6. ஓரத்தில், வடிகால் குழாய்க்கு அடியில் அதே பச்சை பக்கெட். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் அதிகம்.