பசி அவர்களுக்கும் ‘எனக்கு’த்தான்: ருமேனிய மொழி எப்படி வேலை செய்கிறது

ருமேனிய மொழியில் பசிக்கிறது என்று சொல்ல ‘மியெ ஃபுவாமெ’ என்பார்கள். ‘மி’ என்றால் எனக்கு, ‘யெ’ என்றால் இருக்கிறது, ‘ஃபுவாமெ’ என்றால் பசி. எனக்குப் பசி, அவ்வளவுதான். தாகம் எடுத்தால் ‘மியெ ஸேத்தெ’, குளிர்ந்தால் ‘மியெ ஃப்ரிக்’, தூக்கம் வந்தால் ‘மியெ ஸோம்ன்’. ஒன்று பிடித்திருந்தால் ‘இம் ப்லாச்செ’, அதாவது எனக்குப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் ‘நான் பசியாக இருக்கிறேன்’ என்ற மாதிரி யோசித்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். நமக்கு இதில் தடுமாற எதுவுமே இல்லை, ஏனென்றால் பசியும் தாகமும் தூக்கமும் நாம் செய்கிற வேலைகள் இல்லை, நமக்கு வருகிற சங்கதிகள் என்றுதான் நாமும் காலகாலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் இந்த மொழியை முதலில் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பாடங்களில் ஒவ்வொரு பக்கத்திலும் ‘இது விசித்திரமானது, கவனம்’ என்று ஒரு எச்சரிக்கை இருக்கும். கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது, அந்த விசித்திரங்களில் பாதி நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே இலக்கணப் பாடமாக வந்தவை. இதைச் சொன்னதும் தமிழிலிருந்துதான் அங்கே போனது என்று யாரும் ஃபார்வேர்டு கிளப்பிவிட வேண்டாம். இரண்டு மொழிகளுக்கும் ரத்த உறவு கிடையாது. ருமேனியம் லத்தீனின் மகள், பிரெஞ்சு, இத்தாலியன், ஸ்பானிஷ், போர்ச்சுகீசுக்கெல்லாம் அக்காதங்கை. கி.பி. 106இல் ரோமப் பேரரசர் டிராஜன், இன்றைய ருமேனியா இருக்கும் பகுதியான டேசியாவைப் பிடித்தார், 270களில் இன்னொரு பேரரசர் ஆரேலியன் படையை டான்யூப் ஆற்றுக்குத் தெற்கே இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மேற்கே இருந்த சகோதரிகளோடு பெரிய தொடர்பு இல்லாமல், சுற்றிலும் ஸ்லாவிய மொழிகளும் ஹங்கேரியனும் பிற்பாடு துருக்கியும் சூழ, இது தனியாக வளர்ந்தது. கிடைத்திருப்பதில் தேதி உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய ருமேனிய எழுத்து 1521ஆம் வருடக் கடிதம் ஒன்று. நெயாக்ஷு என்ற வியாபாரி, துருக்கியர் படை டான்யூபில் நகர்வதைப் பற்றி ப்ரஷோவ் நகரத் தலைவருக்கு எழுதிய எச்சரிக்கை அது. எழுதியிருப்பது ரஷ்யன் மாதிரி மொழிகளுக்கான சிரிலிக் எழுத்தில். லத்தீன் எழுத்துக்கு முழுதாக மாறியதே 1860களில்தான். தாமதமாக வந்ததில் ஒரு லாபம், பழைய எழுத்துக் குப்பை அதிகம் சேரவில்லை, பெரும்பாலும் எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் போதும்.

சரி, முதலில் பெயர்ச்சொல். ஓநாய் என்பதற்கு ‘லூப்’. ஏதோ ஒரு ஓநாய் என்றால் ‘ஊன் லூப்’. ‘அந்த ஓநாய்’, அதாவது நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் குறிப்பிட்ட ஓநாய் என்றால் ‘லூப்புல்’. இந்த ‘உல்’ இருக்கிறதே, அது லத்தீனில் ‘அந்த’ என்று பொருள்படும் ‘இல்லெ’ என்ற சொல்லின் மிச்சம். இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் அதே சொல் தேய்ந்து பெயருக்கு முன்னால் தனியாக நிற்கிறது. ருமேனியம் மட்டும் அதைப் பின்னால் கொண்டுபோய் விகுதியாக ஒட்டிவிட்டது. விகுதி ஒட்டுவதற்கு நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்? டிராகுலா என்ற பெயருக்குள்ளேயும் இதே விகுதிதான் இருக்கிறது. இளவரசர் இரண்டாம் விளாட், 1431இல் டிராகன் பெயர்கொண்ட வீரர் சங்கத்தில் சேர்ந்ததால் ‘திராக்குல்’ ஆனார், ‘திராக்’ கூட்டல் ‘உல்’. அவருடைய மகன் என்பதால் மூன்றாம் விளாடுக்கு டிராகுலா. இன்றைய ருமேனியத்தில் ‘திராக்’ என்றால் பிசாசு.

பேச்சில் அந்தக் கடைசி ‘ல்’ போயே போய்விடும். எழுதுவது ‘லூப்புல்’, வாயில் வருவது ‘லூப்பு’. நாம் ‘வந்தால்’ என்று எழுதிவிட்டு ‘வந்தா’ என்று பேசுவது மாதிரி. உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர் ராது லூப்பு இருந்தாரே, அவர் குடும்பப் பெயரில் அந்தப் பேச்சு வழக்கு அப்படியே உறைந்து போயிருக்கிறது.

பெண்பாலில் இது இன்னும் நுட்பம். வீடு ‘காஸ’, அந்த வீடு ‘காஸா’. அவ்வளவுதான் வித்தியாசம். முதலாவதில் கடைசி உயிரை வாயைப் பாதி மட்டும் திறந்து விழுங்குகிற மாதிரிச் சொல்ல வேண்டும், இரண்டாவதில் முழுசாகத் திறக்க வேண்டும். மேசை ‘மாஸ’, அந்த மேசை ‘மாஸா’. இந்த மாஸவும் நம் மேசையும் நிஜமாகவே சொந்தம்தான். லத்தீன் ‘மென்ஸா’ ஒரு பக்கம் போர்ச்சுகீஸ் வழியாகக் கப்பலேறி நம்மிடம் மேசையாக வந்தது, இன்னொரு பக்கம் ருமேனியாவில் மாஸ ஆனது. சாவியும் அப்படித்தான், அவர்களுக்கு அது ‘கேயெ’.

இந்த விகுதியில் இரண்டு குறும்பு உண்டு. ஒன்று, பெயரடை முன்னால் வந்தால் விகுதி பெயரை விட்டுவிட்டு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். நல்ல மனிதர் ‘ஓமுல் பூன்’, அதையே திருப்பிப் போட்டால் ‘பூனுல் ஓம்’. இரண்டாவது, ‘மேல்’, ‘உள்ளே’ மாதிரிச் சொற்கள் முன்னால் வந்தால் விகுதி பெரும்பாலும் காணாமல் போகும். மேசை மேல் என்பது ‘பெ மாஸ’, எந்த மேசை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் ‘பெ மாஸா’ இல்லை. ஆனால் ‘அந்தப் பெரிய மேசை மேல்’ என்று ஒரு அடைமொழி சேர்த்தால் போதும், ‘பெ மாஸா மாரெ’ என்று ஓடிப்போன விகுதி திரும்பி வந்துவிடும். இதில் நான் எத்தனை தடவை சறுக்கினேன் என்று கணக்கே இல்லை.

இனி பன்மை. ஓநாய்கள் என்பது எழுத்தில் ‘லூப்பி’. ஆனால் அந்தக் கடைசி ‘இ’யை யாரும் உயிராகச் சொல்ல மாட்டார்கள். ‘லூப்’ என்று சொல்லி முடிக்கும்போதே நாக்கை இகரத்துக்குத் தூக்கி நிறுத்திவிட்டு விட்டுவிடுவார்கள், ஒரு கிசுகிசுப்பு மட்டும் கேட்கும். குற்றியலிகரம் என்று பள்ளியில் படித்தோமே, அரை மாத்திரைக்குக் குறுகிய இகரம், அதை இன்னும் பாதியாக்கினால் இதுதான். ‘அந்த ஓநாய்கள்’ என்றால் எழுத்தில் இரண்டு ‘இ’ வரும், அப்போதுதான் ‘லூப்பீ’ என்று முழு உயிராகக் கேட்கும். இதன் உச்சம் குழந்தை. ஒரு குழந்தை ‘கொப்பீல்’, குழந்தைகள் ‘கொப்பீய்’, அந்தக் குழந்தைகள் ‘கொப்பீயி’. கடைசிச் சொல்லை லத்தீன் எழுத்தில் எழுதும்போது மூன்று ‘இ’ வரிசையாக நிற்கும். முதலாவது வேர்ச்சொல்லுக்குச் சொந்தம், நடுவில் இருப்பது பன்மை, கடைசி ‘அந்த’. எங்கே இரண்டு எங்கே மூன்று என்பதில் ருமேனியர்களே தப்பு விடுவார்கள், நாம் ஒற்று மிகுமா மிகாதா என்று முழிப்பது போல.

குற்றியலுகரமும் இருக்கிறது. ‘பாட்டு’, ‘காசு’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசி உகரத்துக்கு நாம் உதட்டைக் குவிப்பதில்லை அல்லவா? கிட்டத்தட்ட அந்த ஒலியை ருமேனியர்கள் சொல்லின் நடுவிலும் தொடக்கத்திலும் முழு உயிராகவே வைத்திருக்கிறார்கள். நாட்டின் பெயரையே அவர்கள் சொல்வது ‘ரொமுனீயா’, அந்த ‘மு’வில் உதடு குவியக்கூடாது. இந்த ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்து வேறு, சொல்லின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்று, நடுவில் இன்னொன்று என்று 1993இல் அவர்களுடைய அகாடமி முடிவு செய்தது.

வேற்றுமைக்கு வருவோம். பிரெஞ்சும் ஸ்பானிஷும் இத்தாலியனும் லத்தீனின் பெயர்ச்சொல் வேற்றுமைகளைத் தொலைத்துவிட்டன, ருமேனியம் கொஞ்சம் காப்பாற்றி வைத்திருக்கிறது. நம் நான்காம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும் அங்கே ஒரே உருபு. ‘லூப்புலுய்’ என்றால் ஓநாய்க்கு, ஓநாயினுடைய, இரண்டும்தான். ‘காஸெய்’ என்றால் வீட்டுக்கு, வீட்டினுடைய. பன்மை எல்லாவற்றுக்கும் ‘லோர்’, அதனால் ஓநாய்களுக்கு ‘லூப்பிலோர்’. ஆண் ஒருவரின் பெயர் என்றால் முன்னால் ஒரு ‘லுய்’ போட்டு ‘லுய் யோன்’, யோனுக்கு. மரீயாவுக்கு ‘மரீயெய்’.

அப்புறம் விளி வேற்றுமை. கண்ணன் கண்ணா ஆவது போல, யோனைக் கூப்பிட்டால் ‘யோவானெ!’, மரீயாவைக் கூப்பிட்டால் ‘மரீயோ!’. முன்பின் தெரியாத ஆளைக் கூப்பிட ‘தோம்னுலெ’, நம்ம ‘சார்’ மாதிரி. பெண்களைப் பெயர் சொல்லி இப்படி ‘ஓ’ போட்டுக் கூப்பிடுவது இன்று பலருக்குக் கரடுமுரடாகக் கேட்கும், அதனால் நகரத்தில் மரீயா என்றே கூப்பிட்டுவிடுவது பத்திரம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டாம் வேற்றுமைதான். நாம் ‘வீடு பார்த்தேன்’ என்று உருபே இல்லாமல் சொல்லலாம், ஆனால் ‘ராமன் பார்த்தேன்’ என்று சொன்னால் பார்த்தது யார் என்றே குழம்பிவிடும், ‘ராமனைப் பார்த்தேன்’ என்றுதான் ஆக வேண்டும். பொருள் என்றால் ஐ வந்தாலும் வராவிட்டாலும் சரி, குறிப்பிட்ட ஆள் என்றால் கட்டாயம். ருமேனியத்திலும் இதே பாகுபாடு. ‘வத் ஓ காஸ’, ஒரு வீடு பார்க்கிறேன், உருபு இல்லை. யோனைப் பார்க்கிறேன் என்றால் ‘இல் வத் பெ யோன்’. அந்த ‘பெ’தான் இங்கே நம்ம ‘ஐ’, மேசை மேல் என்பதில் ‘மேல்’ ஆக வந்த அதே சொல்தான். முன்னால் நிற்கும் ‘இல்’ அவனை. ஆக, ‘அவனைப் பார்க்கிறேன், யோனை’ என்று இரண்டு தரம் சொல்கிறார்கள். இந்த இரட்டிப்பு மட்டும் நமக்குப் புதுசு. தலைவலியிலும் ஒரு சின்ன மாறுதல் உண்டு, ‘ம துவாரெ காப்புல்’ என்பதில் வலி எனக்கு இல்லை, ‘என்னை’ வலிக்கிறது தலை.

வினைச்சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, விகுதியிலேயே ஆள் தெரியும், அதனால் நான், நீ எல்லாம் தேவையில்லை. போகிறேன் ‘மெர்க்’, போகிறாய் ‘மெர்ஜி’, போகிறான் போகிறாள் இரண்டுக்கும் ‘மெர்ஜெ’, போகிறோம் ‘மெர்ஜெம்’, போகிறீர்கள் ‘மெர்ஜெத்ஸி’, போகிறார்கள் மறுபடி ‘மெர்க்’. மரியாதையும் தெரிந்த கதைதான். ‘தூ’ நீ, ‘தும்ந்யவுவாஸ்த்ர’ நீங்கள், இரண்டுக்கும் நடுவில் ‘தும்ந்யத்தா’ என்று நம்ம ‘நீர்’ மாதிரி ஒன்று. நீளமான அந்த நீங்கள், ‘உங்கள் பிரபுத்துவம்’ என்ற பழைய சொற்றொடர் தேய்ந்து வந்தது.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. ‘போக விரும்புகிறேன்’ என்று நாம் எச்சத்தில் முடித்துவிடுவோம். அவர்கள் ‘வ்ர்யாவ் ஸ மெர்க்’ என்பார்கள், விரும்புகிறேன் என்பதற்குப் பின்னால் ‘போகிறேன்’ என்றே ஆளோடு சேர்த்து வரும். நீ என்றால் ‘வ்ரேய் ஸ மெர்ஜி’, இரண்டு வினையும் மாற வேண்டும். பல்கேரியனிலும் கிரேக்கத்திலும் அல்பேனியனிலும் இதே பழக்கம்தான். பின்னால் ஒட்டும் ‘அந்த’வும் பல்கேரியனிலும் அல்பேனியனிலும் உண்டு. வேறு வேறு கிளைகளைச் சேர்ந்த மொழிகள் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே சந்தையில் பழகியதில் இலக்கணம் தொற்றிக்கொண்டது. 1829லேயே ஸ்லோவேனிய அறிஞர் கோப்பிதார் இதைக் கவனித்து எழுதிவிட்டார். எண்களும் அப்படியே, பதினொன்று ‘ஊன்ஸ்ப்ரெஸேச்செ’, பத்தின் மேல் ஒன்று, ஸ்லாவியர் எண்ணுகிற முறை. சந்தையில் யாருக்கும் அவ்வளவு நேரம் இல்லாததால் ‘ஊன்ஷ்பெ’.

நிஜமான தலைவலி பால்தான். நமக்குப் பகுத்தறிவு உள்ளது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை, பொருளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அங்கே மேசை பெண், மரம் ஆண், ஷூ ஆண். நாற்காலி? ஒன்றாக இருக்கும்போது ‘ஊன் ஸ்காவுன்’ என்று ஆண் மாதிரி நடக்கும், இரண்டானால் ‘தோவ ஸ்காவுனெ’ என்று பெண் மாதிரி மாறிவிடும். (ஆணுக்கு இரண்டு ‘தொய்’, பெண்ணுக்கு ‘தோவ’.) இதற்கு மூன்றாம்பால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதோடு சேர்ந்து வரும் பெயரடைக்கும் எண்ணுக்கும் அதற்கென்று சொந்தமாக ஒரு வடிவம்கூடக் கிடையாது. மெய்யெழுத்தில் முடிகிற உயிரற்ற பொருள் என்றால் இந்த ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம், உத்தரவாதம் இல்லை. அதனால் எந்தப் பெயரையும் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், ஒன்றும் இரண்டும் சேர்த்தே படியுங்கள். பன்மையில் வேரே உருமாறும் என்பதால் எப்படியும் அது தேவைப்படும். மாலை ‘ஸ்யார’, மாலைகள் ‘ஸேரி’. பையன் ‘பயாத்’, பையன்கள் ‘பயேத்ஸி’. கரடி ‘ஊர்ஸ்’, கரடிகள் ‘ஊர்ஷி’. அந்தக் கிசுகிசுப்பு இகரம்தான் முன்னால் இருக்கும் மெய்யைக் கெடுத்துவிட்டுப் போகிறது.

போன உடனே தேவைப்படுவது வணக்கம். பகலில் ‘பூன ஸீவா’, மாலையில் ‘பூன ஸ்யாரா’. இரண்டிலும் கடைசி ஆகாரத்தைக் கவனியுங்கள், ‘அந்தப் பகல்’, ‘அந்த மாலை’ என்று விகுதி ஒட்டியிருக்கிறது. இரவு விடைபெறும்போது மட்டும் வரிசை புரண்டு, விகுதியும் உதிர்ந்து, ‘நுவாப்தெ பூன’. ஏன் என்று கேட்டால் அப்படித்தான் சொல்வோம் என்பார்கள்.