ஒரு லட்சம் என்பது இலக்கா?

வீட்டில் இருந்து தொழில் செய்யும் பெண்களுக்குக் கணக்கு, திட்டம் பற்றி ஆலோசனை சொல்வது என் வேலை. யாழ்ப்பாணத்தில் என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேட்பது, “என்ன இலக்கு வைத்திருக்கிறீர்கள்?” என்றுதான். சுன்னாகம் பக்கத்தில் மிளகாய்த்தூள் செய்யும் ஒரு தங்கச்சி யோசிக்காமல் சொன்னார்: “மாசம் ஒரு லட்சத்துக்கு விக்க வேணும் அக்கா.”

சரி, கொப்பியைக் காட்டுங்கள் என்றேன். பிள்ளையின் பழைய அப்பியாசக் கொப்பி. ஒரே பக்கத்தில் செத்தல் மிளகாய், மல்லி, சின்னச்சீரகம், வீட்டுச் சீனி, ரியூசன் காசு, பக்கத்து வீட்டார் கடனாக எடுத்த அரைக் கிலோ தூள் எல்லாம் கலந்து கிடந்தன. கையில் எவ்வளவு நிற்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

இரண்டு பேரும் இருந்து பிரித்து எழுதினோம். கிலோ 2,400 ரூபாய்க்கு விற்கிறார். சரக்கு, விறகு, மில் கூலி, பை, பஸ் காசு எல்லாம் போக மிஞ்சுவது 650 ரூபாய். அப்படியென்றால் ஒரு லட்சத்துக்கு விற்க ஏறக்குறைய 42 கிலோ வறுக்க வேண்டும். கையில் நிற்பது 27,000 சொச்சம். அவருடைய உழைப்புக்கும் அதுதான் கூலி. அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

விற்பனைத் தொகையை இலக்காக வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். ஒரு லட்சத்தை எட்டும் அவசரத்தில் விலையைக் குறைப்போம், கடனுக்குக் கொடுப்போம், கடையில் சரக்கைக் கடனுக்கு எடுப்போம். விற்பனை கூடும், கை வெறுமையாகும். அந்த வெறுமையை நிரப்ப நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டுக்காசுக்கு ஓடிய பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அதனால் மிஞ்ச வேண்டிய காசில் இருந்து தொடங்கினோம். மாதம் 30,000 ரூபாய் மிஞ்ச வேண்டும் என்றார். அதற்கு மாதம் 46 கிலோ வறுக்க வேண்டும். ஒரு தாச்சியும் ஒரு ஆளும் என்றால் ஒரு நாளைக்கு ஆறு கிலோ வறுக்கலாம். கிழமைக்கு இரண்டு நாள், 12 கிலோ. செவ்வாய் வறுப்பு, வெள்ளி வறுப்பு, மற்ற நாட்களில் வேண்டாம். இதைத்தான் நான் இலக்கு என்பேன், நாளை காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது.

அப்புறம் காலநிலை. பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே இலக்கு வைப்பது எங்கள் ஊருக்குப் பொருந்தாது. நல்லூர்த் திருவிழா 25 நாளும், வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்து போகும் ஆடி, ஆவணியும் விற்பனைக் காலம். கனடாவுக்குப் போகும் பெட்டியில் தூள் இல்லாமல் போகாது. ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை வெயிலை நம்ப முடியாது. மிளகாய் ஈரம் பிடிக்கும், தூள் கட்டியாகும். அந்த மாதங்களுக்கு உற்பத்தி இலக்கைப் பாதியாக்குங்கள். அதனால் குறையும் காசை ஆவணி விற்பனையிலேயே ஒதுக்கி வையுங்கள்.

மழை மாதங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய விண்ணப்பிக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சமையல் இடத்தைக் காட்டலாம். லேபலைத் திருத்தலாம்: சேர்மானங்கள், நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, செய்தவர் முகவரி. கடைக்காரர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

அந்தத் தங்கச்சி போன மாதம் வந்தார். இப்போது இரண்டு கொப்பி. வீட்டுக்கு ஒன்று, தூளுக்கு ஒன்று. தூள் கொப்பியில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு நேரே ‘4 கிலோதான், மகனுக்குக் காய்ச்சல்’ என்று எழுதியிருந்தார். அடுத்த செவ்வாயில் எட்டு என்று போட்டு, அடித்துவிட்டு, ஆறு என்று திருத்தியிருந்தார். “எட்டு வறுத்தா அடியில பிடிக்குது அக்கா” என்றார்.