வெள்ளைப் பறவைக்கு உள்ளங்கைக் கணக்கு

மொரீஷியஸில் பறவைப் படம் எடுக்கப் பழக பிளாக் ரிவர் கோர்ஜஸ் வியூபாயின்ட் மாதிரி இடம் கிடையாது. அங்கே பறக்கும் பாய்-ஆன்-கேதான் காரணம். ஏர் மொரீஷியஸ் சின்னத்தில் நீள வாலோடு இருக்குமே, அந்த வெள்ளைப் பறவை. புகைப்படப் பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான் விழும்: பள்ளத்தாக்கின் பச்சை அருமையாக வந்திருக்கும், பறவை மட்டும் ஒரு இறகுகூடத் தெரியாத வெள்ளைத் திட்டு. அதே பறவை மேலேறி வெளுத்த மேகத்துக்கு முன்னால் போனால் கன்னங்கரேலென்று விழும். “கேமரா ரிப்பேரா அண்ணே?” என்று கேட்பார்கள்.

ரிப்பேர் இல்லை. எதிரே இருப்பது எதுவானாலும், அது திருப்பி அனுப்பும் ஒளி நடுத்தரச் சாம்பல் அளவுதான் என்று வைத்துக்கொண்டு கேமராவின் ஒளி மீட்டர் கணக்குப் போடுகிறது. காடு இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டும், வானம் பளிச்சென்றால் குறைக்கும். இன்றைய கேமராக்கள் இதில் எவ்வளவோ தேறிவிட்டன, ஆனாலும் ஃபிரேமில் மூலையளவே இருக்கும் பறவைக்காக முழுக் காட்டையும் அவை விட்டுக்கொடுப்பதில்லை. பறவை மீது விழும் வெயிலோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அதனால் பின்னணியை விட்டுவிட்டு வெயிலை அளக்க வேண்டும். வெளிச்சத்தை நாமே அமைக்கும் மேனுவலுக்கு மாறுங்கள், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும், இடது உள்ளங்கையை வெயிலில் நீட்டி ஃபிரேம் முழுக்க நிரப்பி (ஃபோகஸ் ஆகாது, ஆக வேண்டியதும் இல்லை) மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை ஷட்டரைத் திருப்புங்கள். தோல் நிறம் எதுவானாலும் உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (அதாவது ஒளி இரண்டு மடங்கு) வெளிச்சமானது, ஆகவே சாதாரணப் பொருளுக்கு ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். வெள்ளைப் பறவைக்குக் கூட்டாமல் அப்படியே விடலாம். நல்ல வெயிலில் சென்சார் உணர்திறன் ஐஎஸ்ஓ 400, லென்ஸ் துளை எஃப்/8 என்றால் ஷட்டர் 1/3200 நொடிப் பக்கம் வந்து நிற்கும், சிறகடிப்பை உறைய வைக்க அதுவே தாராளம்.

கூட்டாமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாளி மாதிரி. நிரம்பி வழிந்த பிறகு எவ்வளவு ஒளி வந்தாலும் கணக்கில் சேராது, அந்த இறகின் வரிகளை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கொஞ்சம் இருண்டு போனதை ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) ஏற்றிக்கொள்ளலாம்.

மேகம் மூடியதும் மறுபடி கையை நீட்டுங்கள், அந்த மேட்டில் அது அடிக்கடி நடக்கும். அப்புறம், பழுப்பு முதுகோடு மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு திடீரென்று எட்டிப்பார்த்தால் அந்த ஒரு ஸ்டாப்பைக் கூட்ட மறக்காதீர்கள்: 1974-ல் காட்டில் வெறும் 4 மட்டுமே இருந்ததாக அறியப்பட்ட பறவை அது, இன்னொரு சான்ஸ் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.